கடல் விட்டுச்சென்ற காரை

நுழையும்முன்

இயற்கையழகைக் காணத் தொலைதூரம் செல்கிறோம். நாம் மிதித்துச் செல்லும் நிலத்தின் வரலாற்றை அறியாதிருக்கிறோம். இங்கிலாந்தின் வெண்சுண்ணப் பாறைக் கடற்கரையைக் கண்டு திரும்பிய திருப்பூர்க்காரர் ஒருவர், தமிழகத்தில் அதே காலத்தைச் சேர்ந்த ஒரு நிலத்தைத் தேடிச் சென்று தம் கருத்தைக் கூறுகிறார்.

திருப்பூரில் தைத்த பனியன், நான் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் வெண்பாறைகளைக் கடந்து சென்றிருக்கிறது. தூத்துக்குடியில் கப்பலேறும் சரக்குப்பெட்டி கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும்; சூயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலைத் தாண்டி, ஜிப்ரால்டரைச் சுற்றி, ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழையும். அக்கடற்பரப்பு மிகவும் குறுகும் இடத்தில், கப்பலின் இடப்புறத்தில், டோவர் நகரின் வெள்ளைப் பாறைகள் சுவர்போல் நிற்கின்றன. பெலிக்ஸ்டோவுக்கோ ஹாம்பர்க்குக்கோ செல்லும் நம் ஊர்ச் சரக்கு அவற்றின் எதிரேதான் போகவேண்டும். பெட்டிக்குள் அடைபட்ட பனியன் எதைப் பார்த்திருக்கும் என்று கேட்கலாம். இருபது ஆண்டுகளாக ஏற்றுமதித் தாள்களில் துறைமுகங்களின் பெயர்களை எழுதிவந்த நானும் அந்தப் பனியனைப் போலத்தான் இருந்தேன். இரண்டு துறைமுகங்களுக்கு நடுவில் ஒரு நிலம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தொழில் நிமித்தமாக இலண்டன் சென்றபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. அங்கு வாழும் யாழ்ப்பாணத்து நண்பர் என்னைத் தென்கரைக்கு அழைத்துச் சென்றார். சீஃபோர்டு என்னும் சிற்றூரில் தொடர்வண்டியைவிட்டு இறங்கி, மேட்டு நிலத்தின்மீது நடந்தோம். காலடியில் புல், புல்லை மேயும் செம்மறியாடுகள். மேடு இறங்கும் இடத்தில் கக்மியர் என்னும் சிறு ஆறு கடலில் கலக்கிறது. அதற்கு அப்பால் ‘ஏழு சகோதரிகள்’ எனப்படும் பாறை வரிசையைக் கண்டோம்.

பச்சை நிலத்தை ஒரே வெட்டில் அறுத்துவிட்டது போன்ற தோற்றம். எங்கள் ஊரில் வெட்டுமேசையின்மேல் துணியை நூறு அடுக்காக விரித்து, கட்டிங் மாஸ்டர் இயந்திரக் கத்தியால் இறக்கும்போது ஓரம் எப்படி நேராக நிற்குமோ அப்படி நின்றது அந்த நிலம். வெள்ளை அடுக்குகளுக்கு இடையே கருநிறத் தீக்கற்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. கொங்குநாட்டுத் தோட்டங்களில் வேப்பமரத்தடியில் ஏழு கற்களை நட்டுக் கன்னிமார் என்று வணங்குவோம். கடலைப் பார்த்து நின்ற அந்த எழுவரைக் கண்டதும் எனக்கு அந்தக் கற்களே நினைவுக்கு வந்தன. “எங்கட யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக் கல்லுக்கு மேலதான் இருக்குது. கிணத்துத் தண்ணியும் அதுக்குள்ளதான் ஊறுது” என்று நண்பர் சொன்னார். அதன்பின் நெடுநேரம் அவர் பேசவில்லை.

வெள்ளையிலேயே நீலம் கலந்த வெள்ளை, பால் வெள்ளை என்று பிரித்துப் பார்க்கும் கண் எங்கள் தொழிலுக்கு உரியது. மேகம் மூடியபோது சாம்பல் பூத்தும், வெயில் விழுந்தபோது கூசும்படியும் இருந்த அந்த வெண்மைக்கு நான் பெயர் வைக்கவில்லை. அது எப்படி அழுக்கேறாமல் இருக்கிறது என்பதே என் கேள்வி. விடை எளியது: அது தினமும் இடிகிறது. அலை அடிவாரத்தை அரிக்க, மேற்பகுதி சரிந்து விழ, உள்ளிருந்து புதிய வெண்மை வெளிப்படுகிறது. துறைமுகக் கட்டுமானத்தால் அலை எட்டாத இடங்களில், டோவரிலேயே, பாறைமேல் செடிகொடிகள் படர்ந்து நிறம் மங்கிவிட்டது. காக்க நினைத்துச் சுவர் எழுப்பினால் அந்த அழகு மறைந்துபோகும். விட்டால் நிலம் குறையும். அருகிலுள்ள பிர்லிங் கேப் என்னும் இடத்தில் கடலோரக் காவலர்களுக்காகக் கட்டிய வீடுகள், விளிம்பு நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. இப்பகுதிப் பாறைகளை ஆய்ந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, பல்லாயிரம் ஆண்டுகளாக ஆண்டுக்கு 2 முதல் 6 செ.மீ. வரை பின்வாங்கிய கரை, கடந்த 150 ஆண்டுகளில் ஆண்டுக்கு 22 முதல் 32 செ.மீ. வரை பின்வாங்கியிருப்பதாகக் கணித்தது. பாறையின் காலடியில் அரணாகக் கிடந்த கூழாங்கற் பரப்பு மெலிந்துபோனதை அது ஒரு காரணமாகக் காட்டியது.

சுண்ணக்கட்டியின் கதை

இந்தப் பாறை எதனால் ஆனது? கடலின் மேற்பரப்பில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளை அணிந்திருக்கும். அவை மடிந்ததும் தகடுகள் கடலடிக்குச் சேறாக இறங்கும். ஒரு செ.மீ. தடிமன் சேர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். டோவர்ப் பாறையின் உயரமோ நூறு மீட்டரைத் தாண்டும். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை படிந்த சேறு அது. சுண்ணக்கட்டியைக் குறிக்கும் ‘கிரீட்டா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்தே அக்காலத்துக்குக் கிரெட்டேசியஸ் என்று பெயர் வந்தது.

1868ஆம் ஆண்டு, தாமஸ் ஹக்ஸ்லி என்ற உயிரியல் அறிஞர் நாரிச் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். ‘ஒரு சுண்ணக்கட்டியைப் பற்றி’ என்பது அதன் தலைப்பு. தச்சர் தம் பையில் வைத்திருக்கும் சுண்ணக்கட்டியின் கதையை அறிந்தவர் உலகின் கதையை அறிந்தவராவார் என்பது அவ்வுரையின் சாரம். அவர் முன்னே அமர்ந்திருந்தவர்கள் அந்நகரத் தொழிலாளர்கள். அந்தச் செய்தியை நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். திருப்பூரில் ஒவ்வொரு வெட்டுமேசையிலும் ஒரு குறிக்கட்டி கிடக்கிறது. ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு சுண்ணக்கட்டி தேய்கிறது. அதைக் கையில் எடுத்து, இது எங்கிருந்து வந்தது தெரியுமா என்று நம் தொழிலாளர்களிடம் யாரேனும் பேசியதுண்டா? ஷிப்ட் முடித்து வருபவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. வயிற்றுப்பாட்டுக்கு மேல் எதுவும் தேவையில்லை என்று உழைப்பவரைப் பற்றிப் பிறர் முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை.

நம் ஊர்க் கடல்

ஊர் திரும்பிய பிறகுதான், அதே கிரெட்டேசியஸ் கடல் தமிழகத்திலும் இருந்தது என்பதை அறிந்தேன். அதன் அடித்தளம் இன்று திருச்சி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் கிடக்கிறது. 1862இலேயே ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் நிலவியலாளர் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பகுத்து எழுதினார். இங்குக் கிடைத்த தொல்லுயிர்ப் படிமங்களை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் பல பெருநூல்களில் விளக்கினார். ஊட்டத்தூரின் பெயரும் அரியலூரின் பெயரும் உலக நிலவியலாளர்களின் நாவில் நூற்றைம்பது ஆண்டுகளாகப் புழங்குகின்றன. திருப்பூரில் என் தெருவில் யாருக்கும் இது தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகளையும் அவள் தோழியர் மூவரையும் அழைத்துக்கொண்டு காரைக்குச் சென்றேன். திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை சென்று கிழக்கே திரும்பினால் ஊட்டத்தூர். அதற்கு அப்பால் காரை. சுண்ணாம்புச் சாந்துக்கும் காரை என்று பெயர் உண்டு. ஒரு முட்செடிக்கும் உண்டு. ஊர்ப்பெயரை வைத்துக் கதை கட்டுவது எளிது என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

காரை வெண்மையானதன்று. பழுப்பும் மஞ்சளும் செம்மையும் கலந்த களிமண் நிலம். மழைநீர் அரித்த ஓடைகள் ஆயிரக்கணக்கான சிறு பள்ளங்களாகவும் முகடுகளாகவும் அதைப் பிளந்திருக்கின்றன. புல்கூட அரிதாகவே முளைக்கிறது. நீங்கள் ஐந்திணை படித்தவர்கள்; நெய்தல் வறண்டு பாலையான நிலம் என்று இதைச் சொன்னால் புரிந்துகொள்வீர்கள். வெயிலில் ஆங்காங்கே மண்ணுக்குள் ஏதோ பளபளத்தது. குனிந்து பார்த்தோம். களிமண்ணின் ஊடே நரம்புபோல் ஓடும் ஜிப்சம். நம் வகுப்பறைச் சுண்ணக்கட்டி பெரும்பாலும் ஜிப்சத்தால்தான் செய்யப்படுகிறது என்று நான் சொன்னதும் மாணவியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். சற்றுத் தள்ளி, விரல் நீளத்தில், ஒரு முனை கூர்ந்த கல் ஒன்று கிடந்தது. அதை உடைந்த சுண்ணக்கட்டி என்றே என் மகள் நினைத்தாள். அது பெலம்னைட், கணவாய் மீனின் தொல்லினம் ஒன்றின் உள்ளோடு.

இதைத் ‘தமிழ்நாட்டின் கிராண்ட் கேன்யன்’ என்று சிலர் அழைக்கக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்கப் பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டால் காரை சிறிய பிரதியாகிவிடும். டோவரோடு ஒப்பிட்டால் வெண்மை குறைந்ததாகிவிடும். டோவரில் கடல் வெட்டிய வெட்டுமுகத்தை வெளியே நின்று பார்க்கிறோம். காரையில் கடலின் தரைமேலேயே நடக்கிறோம். இந்த அனுபவம் வேறு. அதற்குரிய கண்ணோடுதான் அதைப் பார்க்கவேண்டும்.

பார்க்கும் கண் இல்லாத இடத்தில் நிலத்துக்கு என்ன நேர்கிறது? நம் வருவாய்ப் பதிவேடுகளில் இரண்டு சொற்கள் உண்டு: தரிசு, புறம்போக்கு. விளையாத நிலம் பயனற்றது என்னும் எண்ணம் அச்சொற்களுக்குள் இருக்கிறது. பயனற்றது என்று பெயரிட்ட நிலத்தில் மண் அள்ளுவதற்கும் குப்பை கொட்டுவதற்கும் யாரும் கூசுவதில்லை. சாத்தனூரில் 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரத்துக்குக் காப்பும் வேலியும் உண்டு. 18 மீட்டர் நீளமுள்ள அந்த அடிமரத்தைக் கண்டவர்கள் அதை மறப்பதில்லை. மரத்தைக் கொண்டுவந்து சேர்த்த கடலுக்கும் அதே மதிப்பு வேண்டாமா? நாங்கள் சென்ற நாளில் காரையில் ஓர் அறிவிப்புப் பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை. 2020இல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று செய்தி பரவிக் கூட்டம் கூடியது. அவை அம்மோனைட் என்னும் கடலுயிரைச் சுற்றிப் படிந்த கற்கள் என்று வல்லுநர் சொன்னதும் கூட்டம் கலைந்தது. அம்மோனைட் என்ன குறைந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

மறுதரப்பையும் சொல்லவேண்டும். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆகிறது. கல்லங்குறிச்சிப் பக்கத்துப் பாறைகளில் சிப்பிகள் செறிந்து கிடக்கின்றன; அவையும் அரைபட்டு நம் வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. எங்கள் பின்னலாடைக் கூடங்களின் தூண்களிலும் அந்தக் கடல் இருக்கக்கூடும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அத்தொழிலால் வாழ்கின்றன. ஆகவே சுரங்கம் முழுவதையும் மூடுக என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, சொல்லவும் மாட்டேன். துணி வெளுக்கவும் சாயமேற்றவும் நொய்யலை நாங்கள் என்ன செய்தோம் என்பது நாடறிந்தது. ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானது. கழிவை முற்றிலும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடும்படி 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எங்கள் வெள்ளைக்கும் ஒரு விலை இருந்தது. அதை ஆற்றங்கரை உழவர்கள் கொடுத்தார்கள். நிலத்தைப் பயன்படுத்தாதே என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பயன்படுத்தித் தீர்த்துவிடாதே என்று மட்டுமே கேட்கிறேன். காரையைப் போன்ற சில வெட்டுமுகங்களையேனும், படித்து முடிக்காத நூலின் ஏடுகளாகக் கருதி விட்டுவைக்கவேண்டும்.

இது சட்டத்தால் மட்டும் நடக்கும் செயலன்று. டோவர்ப் பாறையின் ஒரு பகுதி 2012இல் விலைக்கு வந்தபோது, நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை பொதுமக்களிடம் கேட்டு 12 இலட்சம் பவுண்டு திரட்டி அதை வாங்கியது. கொடுத்தவர்களுள் பலர் சிறுதொகை அளித்த எளியவர்கள். அது வேற்றுநாட்டுக் கதை என்பீர்களானால், மதுரை அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அம்மலைப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றதும் ஊரார் திரண்டெழுந்தனர். 2025 சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை நீக்கியது. அவர்கள் தங்கள் மலையின் சுனைகளையும் குடைவரையையும் கல்வெட்டையும் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். அறியாத மலைக்காக யாரும் சாலையில் இறங்கமாட்டார்கள்.

எனவே திருப்பூர்ப் பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுதோறும் செல்லும் ஊட்டி, கொடைக்கானல், கேளிக்கைப் பூங்காச் சுற்றுலாக்களில் ஒன்றைக் காரைக்கு மாற்றுங்கள். வழியில் சாத்தனூரையும், வாரணவாசியில் உள்ள அரியலூர்த் தொல்லுயிர் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு: எதையும் எடுத்து வரக்கூடாது. எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாத படிமம், அடையாளச்சீட்டுக் கிழிந்த சரக்குப்பெட்டியைப் போன்றது. உள்ளே இருப்பது கெடாமல் இருக்கலாம். எங்கிருந்து வந்தது என்று எவராலும் சொல்லமுடியாது.

நாங்கள் புறப்படும் நேரத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். “இந்தப் பொட்டக்காட்டப் பாக்கவா அம்மாந் தொலவுலேருந்து வந்தீங்க?” என்றார். என் மகள் அவரை அழைத்துச் சென்று, பள்ளத்தின் ஓரத்தில் சுருண்டிருந்த அம்மோனைட் பதிவைக் காட்டி, இங்கே கடல் இருந்தது, இது அதில் வாழ்ந்தது என்றாள். அவர் துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். அந்தச் சுருளின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“இதுமாதிரி அந்தாண்ட ஓடையில நெறையக் கெடக்குது தாயி. வாங்க, காட்டுறேன்” என்று எழுந்து முன்னே நடந்தார். ஆடுகளும் நாங்களும் பின்னே சென்றோம்.