ரொக்கமும் ரசீதும்

சான் அன்டோனியோவிலிருந்து வடமேற்கே முக்கால் மணி நேரம் போனால் சுண்ணாம்புக்கல் மேடுகள் வரும். நம்மூர்ச் சீமைக் கருவேலத்துக்குப் பங்காளியான மெஸ்கீட் மரம் வழியெல்லாம் நிற்கும். அதற்கு நடுவே துப்பாக்கி சுடும் திடல் ஒன்று இருக்கிறது. தகரக் கூரைக்கடியில் வரிசையாகக் கான்கிரீட் மேஜைகள், நூறு கெஜம் தள்ளி மண் கரை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் மேஜைகள் நிறைந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் எழுபது தாண்டியவர், லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷமாக மாதம் ஒருமுறை அவரோடு போகிறேன். சுடுவது கொஞ்சம், கேட்பது அதிகம். திடல் பொறுப்பாளர் குரல் கொடுத்ததும் எல்லோரும் சுடுவதை நிறுத்தி, தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியின் அறையைத் திறந்து ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கொடியைச் செருகிவிட்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். யாராவது குறிப்பலகையைப் பார்க்க முன்னே போயிருக்கும்போது மேஜைமேல் கிடக்கும் துப்பாக்கியை விரலால்கூடத் தொடக்கூடாது. இந்த ஒழுங்கை ஒருவர்கூட மீறி நான் பார்த்ததில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பேச்சு நடக்கும்.

பேச்சு எப்போதும் விலையில் ஆரம்பிக்கும். 2013இல் பாயிண்ட் டூ டூ தோட்டா கிடைக்காமல் கடை திறக்குமுன் வரிசையில் நின்றது, 2020இல் மறுபடி அதே பஞ்சம், தோட்டா மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் விலை இறங்கவே மாட்டேன் என்கிறது என்று போகும். பேசிக்கொண்டே குனிந்து பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிப் பையில் போடுவார்கள். வீட்டில் மருந்து நிரப்பி மறுபடி சுட அவை உதவும். விலையிலிருந்து பேச்சு ரொக்கத்துக்குத் தாவும். எப்போதும் தாவும். துப்பாக்கிக் கடையில் கார்டு நீட்டக்கூடாது என்பது அங்கே பல பேருக்கு எழுதாத விதி.

ஏன் என்று முதல்முறை கேட்டபோது ஒருவர் நான்கு இலக்கம் சொன்னார்: 5723. கார்டில் பணம் கொடுக்கும் ஒவ்வொரு கடைக்கும் அது எந்த வகைக் கடை என்று காட்டும் குறியீடு உண்டு. மளிகைக்கு ஒன்று, முடிதிருத்தகத்துக்கு ஒன்று. துப்பாக்கிக் கடைகள் நெடுங்காலம் விளையாட்டுப் பொருள் கடை, இதர சில்லறைக் கடை என்ற கணக்குகளில் கலந்திருந்தன. 2022 செப்டம்பரில் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு அவற்றுக்குத் தனிக் குறியீடு ஒதுக்கியது. விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மூன்றும் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தன. எதிர்ப்புக் கிளம்பியதும் 2023 மார்ச்சில் நிறுத்தி வைத்தன. கலிஃபோர்னியா அந்தக் குறியீட்டைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. ஃபுளோரிடாவும் டெக்சாஸும் தடை செய்தன.

குறியீட்டைக் கேட்டவர்களின் காரணத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2016 ஜூனில் ஆர்லாண்டோவின் பல்ஸ் விடுதியில் 49 பேரைக் கொன்றவன், அதற்கு முந்தைய பன்னிரண்டு நாளில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் மற்றதற்குமாக 26,000 டாலருக்கு மேல் கார்டுகளில் செலவழித்திருந்தான். திருட்டுக் கார்டைக் கண்டுபிடிக்கும் வங்கி இதைக் கண்டுபிடிக்காதா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் குறியீடு சொல்வது கடையை மட்டும்தான், வாங்கிய பொருளை அல்ல. பேரக்குழந்தை கை வைக்காமல் இருக்க 2,000 டாலருக்கு இரும்புப் பெட்டகம் வாங்கியவரும் துப்பாக்கி வாங்கியவரும் வங்கியின் கண்ணுக்கு ஒன்றே. பெட்டகம் வாங்கிய தாத்தாவைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கும் கருவியை நான் நம்பமாட்டேன்.

ரொக்கத்தை விரும்புகிறவன் திருடன் என்ற நினைப்பு நமக்குள் எப்போது வந்து குடியேறியது என்று தெரியவில்லை. இந்த விஷயத்தில் நான் அந்தத் திடலின் பக்கம். அமெரிக்காவில் 1970இல் வங்கி ரகசியச் சட்டம் வந்தது. வாடிக்கையாளரின் கணக்கைப் பதிந்து வைக்கவும், அரசுக்குத் தெரிவிக்கவும் வங்கியைக் கட்டாயப்படுத்துவது அதுதான். 10,000 டாலருக்கு மேல் ரொக்கமாகப் போட்டாலும் எடுத்தாலும் அறிக்கை போகும். அந்த வரம்பு அரை நூற்றாண்டாக நகரவில்லை. சட்டம் வந்த காலத்தில் அந்தப் பணத்துக்கு இரண்டு புதுக் கார் வாங்கலாம். இன்று ஒரு பழைய கார். அறிக்கைக்குப் பயந்து தொகையைப் பிரித்துப் பிரித்துப் போட்டால், உழைத்துச் சேர்த்த பணமாகவே இருந்தாலும் அதுவே குற்றம்.

அடுத்து 1976இல் வந்த மில்லர் வழக்கு. ஜார்ஜியாவில் வரி கட்டாமல் சாராயம் காய்ச்சிய வழக்கில் சிக்கியவர், என் வங்கிக் கணக்கைத் தகுந்த ஆணை இல்லாமல் எப்படி எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். நீங்களே நம்பி வங்கியிடம் கொடுத்துவிட்ட விவரம், இனி அது உங்கள் அந்தரங்கம் இல்லை என்று தீர்ப்பானது. இரண்டு வருஷம் கழித்து நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டுக் கொஞ்சம் காப்புத் தந்தது. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். ஒரு சாராய வழக்கின் நிழல் இன்று நாம் செல்போனில் செலுத்தும் ஒவ்வொரு காசின் மேலும் விழுகிறது. துப்பாக்கியைக் கண்டாலே முகம் சுளிக்கும் என் நண்பர்கள் இதை அறிந்திருப்பதில்லை. திடலில் இருப்பவர்கள் வருஷமும் தீர்ப்பும் சொல்கிறார்கள்.

ஆனால் அவர்கள் ஒரே மூட்டையாகக் கட்டும் இரண்டு விஷயங்களை நான் பிரித்தே பார்க்கிறேன். கடையில் ரொக்கம் கொடுத்தாலும் வாங்குகிறவர் மறைந்துவிடுவதில்லை. உரிமம் பெற்ற எந்தக் கடையிலும் 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அடையாள அட்டை காட்ட வேண்டும். 1998இலிருந்து நடக்கும் எஃப்.பி.ஐ. சோதனை இருக்கிறது. சோதனையில் தேறியவரின் விவரத்தை அரசு 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். படிவம் மட்டும் கடைக்காரரிடமே கிடக்கும். நாடு முழுவதற்கும் துப்பாக்கி உரிமையாளர் பட்டியல் வைத்திருக்க மத்திய அரசுக்கு 1986 சட்டம் தடை போடுகிறது. கடை மூடினால் படிவங்கள் பெட்டி பெட்டியாக மேற்கு வெர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்குக்குப் போகும். அங்கேயும் பெயரைப் போட்டுத் தேடக்கூடாது. கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், அதன் எண்ணை வைத்துத் தயாரித்த கம்பெனி, மொத்த வியாபாரி, கடை என்று படிப்படியாகக் கேட்டு, கடைசியில் ஒருவர் ஒரு தாளைத் தேடி எடுக்க வேண்டும். மெதுவான வழிதான். அரசுக்கும் குடிமகனுக்கும் நடுவே அந்தத் தாமதத்தைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் மரியாதை உண்டு.

அந்தச் சங்கிலி முதல் சொந்தக்காரரோடு அறுந்துபோகலாம். டெக்சாஸில் ஒரு தனிமனிதர் தன் துப்பாக்கியை இதே மாநிலத்துக்காரர் இன்னொருவருக்கு விற்றால் படிவமும் இல்லை, சோதனையும் இல்லை. வாங்குகிறவர் தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்து விற்கக்கூடாது, அவ்வளவே. இங்கே ரொக்கத்தோடு சேர்ந்து துப்பாக்கியும் மறைகிறது. என் பணம் எங்கே போனது என்பது என் அந்தரங்கம். என் துப்பாக்கி யாரிடம் போனது என்பது, நாளை அதன் முன்னால் நிற்கப்போகும் ஒருவரின் உயிர். இதை நான் திடலிலேயே சொல்லியிருக்கிறேன். பாதிப்பேர் மறுத்தார்கள். பட்டியல் என்று ஒன்று வந்தால் ஒருநாள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்றார்கள்.

அப்போதுதான் என் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். கம்பம் பக்கம் மலையடிவாரத்தில் அவருக்குக் கடலைக்காடு. காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதை வேட்டியில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். நாடாளுமன்றம், சட்டமன்றம், எந்தத் தேர்தலானாலும் அப்படித்தான். முடிவு வந்து எல்லாம் அடங்கும்வரை பன்றிகளுக்குத் தகர டின்தான். ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"திருப்பிக் கொடுத்தாங்களா?" என்றார் ஒருவர்.

"ஒவ்வொரு தடவையும்."

"கொடுக்காம இருந்திருந்தா உங்க தாத்தா என்ன பண்ணியிருப்பார்?"

பதில் சொல்ல முடியவில்லை. தாத்தா அந்தக் கேள்வியைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருக்கலாம், என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்கு வலு, லைசென்ஸ் புத்தகத்துக்குள் மடித்து வைத்த ஸ்டேஷன் ரசீது ஒன்றுதான்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றை விற்றார். திடலின் வாகன நிறுத்தத்தில், பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி அதன்மேல் வைத்து. வாங்க வந்தவர் இருபத்தைந்து வயதுப் பையன். நூறு டாலர் நோட்டுகளை எண்ணி வைத்தான். இவர் நோட்டைத் தொடவில்லை. டிரைவிங் லைசென்ஸையும் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமத்தையும் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தார். ஒரு தாளில் துப்பாக்கியின் எண், தேதி, பையனின் பெயர், தன் பெயர். இரண்டு பிரதி, இரண்டு கையெழுத்து. அதற்குப் பிறகுதான் பணம்.

தன் பிரதியைப் பச்சை நிறத் தோட்டாப் பெட்டி ஒன்றில் போட்டார். உள்ளே பழுப்பேறிய தாள்கள் நிறைய இருந்தன. சட்டம் இதைக் கேட்கவில்லையே என்றேன்.

"எங்கேயாவது ஒருநாள் அது கிடைச்சா, என் வீட்டுக் கதவைத்தான் முதல்ல தட்டுவாங்க. தெரியாதுன்னு சொல்ல எனக்கு இஷ்டமில்லை."

பெட்டியை இருக்கைக்கடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க தாத்தாவோட ரசீதுல என்ன எழுதியிருக்கும்?"

"துப்பாக்கி நம்பர். தேதி. ரைட்டர் கையெழுத்து. ஸ்டேஷன் முத்திரை."

"நம்பரும் இருக்குமா?"

"இருக்கும்."

தலையாட்டினார். கூரைப் பக்கமிருந்து பொறுப்பாளரின் குரல் கேட்டது. காதுக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு இருவரும் மேஜைக்குப் போனோம்.