விண்ணில் இருந்து விழுந்த டிஸ்க் பிழைத்தது! மேஜையில் இருந்து விழுந்தது செத்தது!

சென்னை:
கடைக் கணக்கு மொத்தமும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒருநாள் காலையில் அது 'டக்... டக்...' என்று சத்தம் போடுகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை.

முதலாளி என்ன செய்கிறார்? அணைத்துப் போடுகிறார். மறுபடியும் அணைத்துப் போடுகிறார். பக்கத்துக் கடைத் தம்பி வந்து பெட்டியை இரண்டு தட்டு தட்டிப் பார்க்கிறார்.

பத்தாவது தடவை சத்தமும் நின்று விடுகிறது. அதோடு கணக்கும் போயே போச்சு!

கொன்றது யார்?

ஹார்டு டிஸ்க் கெட்டதும் அதில் உள்ள தகவல் அழிந்து விடுவதில்லை. கெட்டதை மேலும் மேலும் ஓட்டுவதுதான் பல நேரம் அதை அழிக்கிறது.

டிஸ்குக்குள் பளபளப்பான வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. தகவலைப் படிக்கும் 'ஹெட்' தகட்டைத் தொடாமல் மிதக்கிறது. இடைவெளி, தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது.

கீழே விழுந்தால் ஹெட் உடையலாம். உடைந்த ஹெட்டோடு ஓடவிட்டால், அது தகட்டின் மேல்பூச்சைச் சுரண்டி விடும். சுரண்டிய இடத்தில் இருந்ததை எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது.

கொலம்பியா சொன்ன பாடம்

2003 பிப்ரவரி 1-ந் தேதி அமெரிக்காவின் கொலம்பியா விண்வெளி ஓடம், சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் பலியானார்கள்.

ஆறு மாதம் கழித்து டெக்சாஸ் மாநிலத்தில், வறண்ட ஏரி ஒன்றில் அதன் ஹார்டு டிஸ்க் கிடைத்தது. கருகிப்போய், உள்ளே மண் புகுந்து கிடந்தது. நிபுணர்கள் தகடுகளைக் கழுவி, வேறு டிஸ்க்கில் பொருத்தினார்கள். 99 சதவீத தகவல் திரும்பி வந்தது! அதில் இருந்த ஆராய்ச்சி முடிவு 2008-ல் வெளியானது.

எப்படிப் பிழைத்தது? சிதறிய நேரத்தில் அந்த டிஸ்க் சுழலவில்லை. அதனால் தகடு சுரண்டப்படவில்லை. ஆனால் உடன் இருந்த வேறு இரண்டு டிஸ்க்குகள் மிக மோசமாகச் சேதமடைந்து விட்டன. அவற்றில் ஒன்றுமே தேறவில்லை.

மேஜையில் திறக்காதீர்

சத்தம் வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டும். மறுபடி போடவே கூடாது.

ரிச்சி தெருவுக்கோ வேறு எங்கோ கொண்டு போனால், "எங்கே வைத்துத் திறப்பீங்க?" என்று கேட்க வேண்டும். தூசி புகாத தனி அறையில்தான் திறக்க வேண்டும். "இங்கேயே பாத்துடலாம் அண்ணாச்சி" என்று மேஜை மேல் ஸ்குரூ டிரைவரை எடுத்தால், டிஸ்க்கை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

2015 டிசம்பர் போல வெள்ளம் வந்து டிஸ்க் நனைந்தால் வெயிலில் காயப் போடாதீர்கள். சேறு தகட்டிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்க வேண்டும்.

தவறுதலாக அழித்து விட்டாலும், அந்தக் கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்க்கக் கூடாது. புதிதாக எழுதுவது பழையதன் மேல் உட்கார்ந்து விடும். புது ரக எஸ்.எஸ்.டி.யில் இன்னும் மோசம். அழித்த கொஞ்ச நேரத்தில் அதுவே துடைத்து விடலாம்.

சட்டம் விடுமா?

ஜி.எஸ்.டி. சட்டப்படி, வருடாந்தர ரிட்டர்ன் கெடுவில் இருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குக்கு நகல் வைத்திருக்க வேண்டும் என்று 57-வது விதி சொல்கிறது. விபத்தில் அழிந்தாலும் மீட்கும்படி அந்த நகல் இருக்க வேண்டும். 'டிஸ்க் போச்சு சார்' என்றால் அதிகாரியிடம் எடுபடாது.

மீட்பது நிச்சயமில்லாத வேலை, செலவும் அதிகம். நகல் எடுக்க ஆவது ஒரு டீ குடிக்கும் நேரம். கடை சாத்தும்போது ஒன்று எடுத்து வீட்டுக்குக் கொண்டு போனால், கடைக்குள் தண்ணீரே வந்தாலும் கணக்கு பிழைக்கும்.