அடையாறு தொல்காப்பியப் பூங்கா: ஆளுக்கு கேட் இருக்கு... ஆத்துத் தண்ணிக்கு?

பட்டினப்பாக்கம், ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு அந்த மதில் நன்றாகவே தெரியும். வெளியே போக்குவரத்து நெரிசல், ஹாரன் சத்தம். உள்ளே அடர்த்தியாக மரங்கள், மேலே வட்டமிடும் நீர்ப்பறவைகள். "உள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டபடியே பல வருஷம் கடந்து போனவர்கள் ஏராளம். காரணம், அது எல்லா பூங்காவையும் போல நினைத்த நேரத்தில் நுழையக்கூடிய இடமாக இருக்கவில்லை.

2025 அக்டோபரில் நிலைமை மாறியது. 42.45 கோடி ரூபாய் செலவில் மேம்படுத்தப்பட்ட தொல்காப்பியப் பூங்காவை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். சுமார் 3.2 கிலோமீட்டர் நடைபாதை, உயரத்தில் நடந்து செல்லும் பாதை, பார்வை கோபுரம் என்று மக்கள் வருவதற்கான வசதிகள் சேர்ந்தன.

நடைப்பயிற்சி செய்பவர்களுக்கு சந்தோஷம். பறவை பார்ப்பவர்களில் சிலருக்கு கவலை. "இத்தனை நாள் மூடி வெச்சு காப்பாத்தினதை இப்ப திறந்து விட்டாச்சே" என்பது அவர்கள் பேச்சு. இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் பூங்காவுக்கு பெரிய ஆபத்து கேட் வழியாக வருவதில்லை. அதைப் புரிந்துகொள்ள, இந்த இடம் எப்படி உருவானது என்று முதலில் பார்க்க வேண்டும்.

குப்பை மேட்டில் இருந்து காடு

அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்பு, ஆற்றில் இருந்து ஒரு கிளை பிரிந்து குயிபிள் ஐலேண்டைச் சுற்றி வளைகிறது. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் இதற்குள் வரும், இறங்கும்போது வடியும். ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் இந்த மாதிரி கழிமுகப் பகுதிதான் மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் வளரும் தொட்டில். முகத்துவாரம், கழி, தீவுத் திட்டுகள் எல்லாம் சேர்த்தால் மொத்தப் பரப்பு சுமார் 358 ஏக்கர்.

ஊர் வளர வளர, இந்தக் கழியின் ஓரங்கள் நிரப்பப்பட்டன. கட்டட இடிபாடு, குப்பை, கழிவுநீர் எல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. தண்ணீர் ஓடுவதே நின்றுபோய் சீமைக்கருவேலம் மண்டிய நிலம் ஆனது. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்று குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றம் வரை போயின. கடைசியில் அரசு ஒரு தனி அறக்கட்டளை அமைத்தது. இன்றைக்கு சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று அழைக்கப்படுவது அதுதான். ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் காட்டுக் குழு மீட்புத் திட்டம் தீட்டியது.

முதல் கட்டமாக 58 ஏக்கர். இடிபாடுகளை அள்ளி, குளங்களைத் தோண்டி, கடல் ஏற்றத் தண்ணீர் மறுபடி உள்ளே வர வழி செய்தார்கள். அலையாத்திச் செடிகள் நட்டார்கள். மேட்டுப் பகுதியில் சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை வைத்தார்கள். அழகுக்கு வைக்கும் குரோட்டன்ஸ், புல்தரை இதெல்லாம் இங்கே பேச்சே இல்லை. 2011 ஜனவரியில் அன்றைய முதலமைச்சர் மு.கருணாநிதி இதைத் திறந்துவைத்தார்.

இதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2010 நவம்பரில், ஜெமினி மேம்பாலம் அருகே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. இரண்டுக்கும் பெயர் தமிழில் இருந்து வந்தது, காலமும் ஒன்று. வேலை மட்டும் வேறு. செம்மொழிப் பூங்கா மனிதர்கள் போய்ப் பார்ப்பதற்காகவே வைத்த தோட்டம். தொல்காப்பியப் பூங்கா உயிரினங்கள் திரும்பி வருவதற்காகச் செய்த இடம். அதனால்தான் பள்ளி மாணவர்களுக்கான சூழல் வகுப்புகள், முன் அனுமதியோடு வழிகாட்டியுடன் வரும் குழுக்கள் என்று நுழைவு கட்டுப்படுத்தப்பட்டது. அந்த வித்தியாசம் சரியாகச் சொல்லப்படாததால்தான் "மக்கள் காசுல கட்டிட்டு மக்களையே விட மாட்டேங்கறாங்க" என்ற கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் தப்பென்று சொல்லிவிட முடியாது.

பறவை பறக்கவில்லை என்றால் தொந்தரவு இல்லையா?

முக்குளிப்பான், நீர்க்காகம், வக்கா, மடையான், நீலத் தாழைக்கோழி, மீன்கொத்தி, சில நாட்களில் கூழைக்கடா. இங்கே கண்ணில் படக்கூடியவை இவை. பக்கத்தில் போய் செல்போனை நீட்டினாலும் சில பறவைகள் அசையாது. "அதுக்குப் பழகிடுச்சு" என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

உண்மையில் பறவை பறப்பது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே அது மேய்வதை நிறுத்திவிடும். தலையைத் தூக்கிப் பார்க்கும், இரண்டடி நகரும், மறுபடி பார்க்கும். அந்த நிமிடங்களில் அது சாப்பிடவில்லை. ஒருவர் வந்து போனால் ஒன்றும் ஆகாது. காலை ஆறரை முதல் இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் கடந்து போனால், அந்தக் கரையில் மேய்வதற்கு நேரமே கிடைக்காது. குளிர்காலத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் வலசைப் பறவைக்கு இது சின்ன நஷ்டம் இல்லை. திரும்பிப் போவதற்கான கொழுப்பை அது இங்கேதான் சேர்க்க வேண்டும்.

மடையானும் நீர்க்காகமும் ஊருக்குள் பிழைக்கக் கற்றுக்கொண்டவை, சமாளித்துவிடும். கூச்சப்படும் பறவைகள் சத்தமில்லாமல் வருவதை நிறுத்திவிடும். அவை போனது பார்வையாளர்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த வாரமும் வக்கா அதே கிளையில் உட்கார்ந்திருக்கும், எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றும்.

இதற்காக கதவை மறுபடி பூட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. எந்தப் பாதையில் எந்த மாதங்களில் ஆள் விடுவது, ஒரு நேரத்தில் எத்தனை பேர் என்ற கணக்கு வேண்டும். வலசைக் காலத்தில் நீர்நிலையை ஒட்டிய ஒரு பாதையை மூடி வைப்பது, கரைக்கும் பாதைக்கும் நடுவில் புதர் மறைப்பு விடுவது, இருட்டிய பிறகு விளக்கு போடாமல் இருப்பது எல்லாம் பெரிய செலவில்லாத வேலைகள். உயரமான நடைபாதையிலும் ஒரு நல்லது உண்டு: ஆட்கள் கரையில் இறங்காமல் ஒரே கோட்டில் போவார்கள். எந்த வழியில் மனிதன் வருவான் என்று பறவைக்குத் தெரிந்துவிட்டால் அதற்கு பதற்றம் குறையும்.

மக்கள் உள்ளே வருவதால் ஒரு பலனும் இருக்கிறது. ஒரு இடத்தை யாருக்குமே தெரியாது என்றால், நாளைக்கு அதன் ஓரத்தில் ஒரு சாலையோ கட்டடமோ வரும்போது கேள்வி கேட்கவும் ஆள் இருக்காது.

கேட் வழியாக வராத விஷயம்

பூங்காவுக்கு உள்ளே நுழையும் ஒவ்வொரு ஆளையும் எண்ணலாம், பையைச் சோதிக்கலாம், பிளாஸ்டிக் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைக்கலாம். ஆனால் உள்ளே நுழையும் தண்ணீரை யார் சோதிப்பது?

அடையாறு ஆதனூர் பக்கம் தொடங்கி, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரையும் வாங்கிக்கொண்டு, அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வருகிறது. வழியில் விமான நிலைய ஓடுபாதைக்கு அடியிலும் புகுந்து வருகிறது! மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் இதில் ஓடுவதில் பெரும்பங்கு கழிவுநீர்தான். மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்த வீட்டுக் குழாய்கள், பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்கள், ராத்திரி நேரத்தில் ஆற்றோரம் வந்து காலி செய்யும் கழிவுநீர் லாரிகள் என்று வழிகள் பல.

"ஆத்தோர குடிசைதான் எல்லாத்துக்கும் காரணம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டன. வேலை, பள்ளிக்கூடம், மீன்பிடித் தொழில் என்று அவர்கள் இழந்தது நிறைய. குடிசைகள் போனபின் ஆறு சுத்தமாகிவிட்டதா? சைதாப்பேட்டை பாலத்தில் ஒரு நிமிடம் நின்று மூச்சு இழுத்துப் பார்த்தால் பதில் தெரியும்.

கழிவுநீர் நிறைந்த தண்ணீரில் நுண்ணுயிரிகள் பெருகி ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். முதல் மழை பெய்ததும், சாக்கடைகளில் தேங்கியது எல்லாம் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டு வரும். அப்போது முகத்துவாரம் பக்கம் மீன்கள் செத்து மிதந்த செய்திகள் பல முறை வந்திருக்கின்றன. பூங்காவின் குளங்களும் கழியும் இந்த ஆற்றோடு சேர்ந்தவைதான். அலையாத்தி கொஞ்சம் கழிவைத் தாங்கும். ஆனால் மூச்சு வேர்கள் வண்டலிலும் பிளாஸ்டிக் பைகளிலும் மூடிக்கொண்டால் அதுவும் திணறும்.

முகத்துவாரத்தில் ஒரு மணல் மேடு

இன்னொரு சிக்கல் கடல் பக்கம். சென்னைக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கில் இருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்ததால்தான் மெரினா இவ்வளவு அகலமானது. அதே மணல் அடையாறு முகத்துவாரத்திலும் வந்து குவிகிறது. ஆற்றில் வேகமாகத் தண்ணீர் ஓடும் வரை மணல் அடித்துப் போகும். ஓட்டம் குறைந்த கோடையில் மேடு வளர்ந்து வாயை அடைத்துவிடும்.

வாய் அடைத்தால் கடல் ஏற்றம் உள்ளே வராது, உள்ளே இருக்கும் அழுக்கும் வெளியே போகாது. கழி ஒரு தேங்கிய குட்டை ஆகிவிடும். மடவை மீன் குஞ்சுகள் உள்ளே வர வழியில்லை, அதைத் தின்ன வரும் பறவைக்கும் வேலையில்லை. சீனிவாசபுரம், ஊரூர் ஆல்காட் குப்பம் மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாருங்கள் என்று கேட்பது வெறும் படகு போக்குவரத்துக்காக இல்லை. அரசு அவ்வப்போது பொக்லைன் வைத்து மணலை அள்ளுகிறது. கடல் அதை மறுபடி கொண்டுவந்து போடுகிறது. இது ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை இல்லை, வருஷா வருஷம் பட்ஜெட்டில் இருக்க வேண்டிய வேலை.

2015 மாதிரி வெள்ளம் வந்தால் பூங்கா ஊரைக் காப்பாற்றுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அன்று செம்பரம்பாக்கத்தில் இருந்து மட்டும் நொடிக்கு 29,000 கன அடி வெளியேறியது. 58 ஏக்கர் அதற்கு முன்னால் ஒரு ஓரம். கழிமுகம் வெள்ளத்துக்கு விரிந்து கொடுக்க உதவும், அவ்வளவுதான். இதைப் பெரிய வெள்ளத் தடுப்பாகக் காட்டுவது சரியில்லை.

கணக்கு எங்கே பார்க்க வேண்டும்?

2023-24 பட்ஜெட்டில் அடையாற்றை மீட்க சுமார் 1,500 கோடி ரூபாய் திட்டத்தை தமிழக அரசு அறிவித்தது. கழிவுநீர் கலப்பதைத் தடுப்பதும் கரையை மேம்படுத்துவதும் அதில் அடக்கம். இந்த இரண்டில் எது முதலில் நடக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கரை மேம்பாடு சீக்கிரம் கண்ணில் தெரியும், நடைபாதையும் விளக்குக் கம்பமும் படத்தில் அழகாக விழும். மண்ணுக்கு அடியில் போகும் குழாய்க்கு ரிப்பன் வெட்ட முடியாது. பூங்காவில் போட்ட 42 கோடிக்கு பலன் கிடைப்பதும் அந்தக் குழாய் வேலையைப் பொறுத்ததுதான்.

நீங்கள் போவதாக இருந்தால்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலையில் சீக்கிரம் போனால் பறவைகள் மேய்வதைப் பார்க்கலாம். வெயில் ஏறிய பிறகு பெரும்பாலானவை மரத்துக்குள் ஒதுங்கிவிடும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம், மங்கலான நிறம் நல்லது. பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லை என்றால் பார்வை கோபுரத்தில் பத்து நிமிடம் பேசாமல் நின்றாலே போதும். முக்குளிப்பான் மூழ்கினால் எந்தப் பக்கம் எழும் என்று குழந்தைகளை பந்தயம் கட்டச் சொல்லுங்கள். போன் தானாக மறந்துபோகும்.

பிஸ்கட், பொரி எதுவும் தண்ணீரில் போட வேண்டாம். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு பறவையை வரவழைக்கும் வழக்கமும் வேண்டாம். வேறொரு பறவை தன் எல்லைக்குள் வந்துவிட்டதாக நினைத்து, சண்டைக்கு வந்து வீணாகக் களைத்துப்போகும். சாரைப்பாம்பு குறுக்கே போனால் நின்று வழி விடுங்கள், அதற்கு விஷம் இல்லை.

முடிந்தால் கடல் ஏறும் நேரம் ஒருமுறை, இறங்கும் நேரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். அலையாத்தி அடியில் ஈரக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு நேரமும் ஒரே மட்டத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தால், முகத்துவாரத்தில் மணல் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.