சங்கீத ரீச்சர்மார் கூடுவதற்கு ஒரு நாள்

யாழ்ப்பாணத் தீவகத்தில் சங்கீதம் படிப்பிக்கிற ஒருவருக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும். தன் பாடத்தைப் பற்றிப் பேசத்தான் ஆள் இருக்காது. கணித ஆசிரியருக்கு ஒரு சந்தேகம் வந்தால் அடுத்த வகுப்பறையில் இன்னொரு கணித ஆசிரியர் இருப்பார். சங்கீத ரீச்சர் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்கு ஒருவர்தான். நயினாதீவிலோ நெடுந்தீவிலோ படிப்பிக்கிறவர் என்றால், அவருக்கும் அடுத்த சங்கீத ரீச்சருக்கும் நடுவில் கடலே கிடக்கலாம். தோடியின் காந்தாரம் பிடிபடாமல் ஒரு பிள்ளை நாள்கணக்கில் தவிக்கிறது. "இதை நீங்கள் எப்படிச் சொல்லிக் குடுக்கிறனீங்கள்?" என்று வாய்விட்டுக் கேட்க அவருக்கு ஒருவர் வேண்டும். இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இந்தத் தனிமை எங்கள் ரீச்சர்மாருக்கு மட்டும் வாய்த்ததல்ல. மேற்கு நாடுகளில் பியானோ படிப்பிக்கிறவர்களின் நிலையும் இதுதான். வீட்டு முன்னறையில் ஒரு பியானோ, பக்கத்தில் ஒரு கதிரை, மணிக்கொரு பிள்ளை. பின்னேரம் முழுவதும் அடுத்தவர் வாசிப்பைக் கேட்டுத் திருத்துவதிலேயே போய்விடும். தன் வாசிப்பைக் கேட்க ஆள் இல்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தியோடர் பிரெஸ்ஸர் என்ற இசையாசிரியர் 1876ஆம் ஆண்டிலேயே தன் போன்றவர்களைக் கூட்டி ஒரு தேசிய சங்கத்தைத் தொடங்கினார். அது இன்றும் இயங்குகிறது. ஐரோப்பாவில் பியானோ ஆசிரியர்களுக்கென்றே ஒரு சங்கத்தை 1978இல் கரோலா கிரின்டியா தொடங்கினார். ருமேனியாவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த பியானோ ஆசிரியை அவர். இப்படியான சங்கங்களின் பிராந்தியக் கிளைகள் பெரிய காரியம் எதையும் செய்வதாக வெளியே தெரியாது. ஒருவர் வீட்டிலோ தேவாலய மண்டபத்திலோ கூடுவார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். புதிய பாடப் புத்தகத்தை ஆளுக்கு ஆள் புரட்டிப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்குச் சேர்ந்து ஒரு கச்சேரி வைப்பார்கள். அவ்வளவுதான். அந்த அவ்வளவும் எங்கள் தீவுகளுக்கு வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வடக்கில் சங்கம் என்ற எண்ணம் புதிதல்ல. வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தொடங்கியது. அந்தக் காலத்திலும் யாழ்ப்பாணத்தில் மேளம் கேட்காத கோவில் திருவிழா இல்லை. ஆனால் மேளக்காரருக்குப் பரம்பரை இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போகிறவரின் தகுதியை அளக்க ஒரு பொது அளவுகோல் இருக்கவில்லை. சபை அதை உண்டாக்கியது. முதலாம் தரத்தில் தொடங்கி ஆசிரியர் தரம் வரையும் படிப்படியாகப் பரீட்சைகள். வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று துறைகள். ஆசிரியர் தரம் தேறியவர் கலாவித்தகர். யாழ்ப்பாணத்தில் கலியாண அழைப்பிதழில்கூட ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் 'கலாவித்தகர்' என்று போட்டிருப்பதைக் காணலாம். அந்தப் பட்டத்துக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு. பிறகு 1960இல் மருதனார்மடத்தில் சு. நடேசபிள்ளை இராமநாதன் இசைக்கல்லூரியைத் தொடங்கினார். சித்தூர் சுப்பிரமணியபிள்ளை, மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெரிய வித்துவான்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே அதிபராக இருந்தார்கள். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலும் இசை படித்து வெளியேறினார்கள். தீவுப் பள்ளிக்கூடங்களுக்குச் சங்கீத ரீச்சர்மார் இந்த வழிகளால்தான் வந்து சேர்ந்தார்கள்.

சபையின் பரீட்சை செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. வேலணையில் ஓலைக் கொட்டில் ஒன்றில் பாடிய பிள்ளையும் யாழ்ப்பாண நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் பாடிய பிள்ளையும் ஒரே சரளி வரிசையை, ஒரே ஜண்டை வரிசையை, அதே அலங்காரங்களைப் பாடி ஒரே சான்றிதழைப் பெற முடிந்தது. சாதி, இடம், காசு என்று ஆயிரம் வாசல்கள் பூட்டியிருந்த ஊரில் அது சிறிய காரியமல்ல. என் தலைமுறைப் பெண்களில் பலருக்குச் சொந்தப் பெயரில் கிடைத்த முதல் சான்றிதழே சங்கீதச் சோதினைச் சான்றிதழ்தான். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

ஆனால் பரீட்சை பிள்ளையை அளக்கும். ரீச்சருக்குத் துணையாக அது வராது. பரீட்சை நாளில் ரீச்சர்மார் ஒரே விறாந்தையில் நிற்பார்கள், பேசவும் செய்வார்கள். பேச்செல்லாம் எந்தப் பிள்ளை எத்தனையாம் இலக்கம், யார் உள்ளே போய்விட்டது என்பதோடு முடிந்துவிடும். தமிழ்மொழித் தினப் போட்டியிலும் இதே கதைதான். கோட்டம், வலயம், மாவட்டம் என்று போட்டி ஏற ஏற ரீச்சர்மார் அடிக்கடி சந்திக்கிறார்கள். ஆனால் அன்று அவர்கள் எதிரெதிர்ப் பள்ளிக்கூடங்கள். தன் குழுப்பாட்டில் எந்த இடத்தில் இரண்டாம் குரலைச் சேர்த்தேன் என்று யார் யாருக்குச் சொல்லுவார்கள்?

இவர்கள் உண்மையிலேயே கலந்து இருக்கிற நாள் ஒன்றை நான் கண்டிருக்கிறேன். தியாகராஜர் ஆராதனைக்காகப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடிப் பார்க்கிற நாள் அது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தும் எல்லாருக்கும் பாடம். பாடம் ஒன்றுதான், பாடாந்தரம் வேறு. ஒருவர் சித்தூரார் வழியில் வந்தவரிடம் படித்தவர், இன்னொருவர் சென்னையில் போய்ப் படித்தவர், மற்றவர் ஊரிலேயே ஒரு கலாவித்தகரிடம் படித்தவர். ஆரபியின் ஒரு சரணத்தில் மூவரும் மூன்று விதமாகத் திரும்பினார்கள். பாட்டு நின்றது. அரைமணி நேரம் அந்த ஒரு திருப்பத்தைப் பற்றித்தான் கதை. "எங்கட ரீச்சர் இதிலை ரிஷபத்தைத் தொட்டிட்டுத்தான் வாறவ" என்று ஒருவர் பாடிக் காட்ட, மூத்தவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஒருக்காத் திரும்பப் பாடும் பிள்ளை" என்றார். பிறகு எல்லாரும் அதையே பாடினார்கள். நான் அந்தத் துறை ஆளல்ல. ஆனாலும் அன்று அந்த அறையில் நடந்தது எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் நடக்காத படிப்பு என்று எனக்குத் தெரிந்தது. நாற்பது வருடம் முன்னர் படித்த ஒரு சங்கதி அன்றைக்கு இன்னும் ஏழெட்டுப் பேருக்குச் சொந்தமாகியது.

தீவில் வாத்தியத்தோடு வாழ்கிற கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். உப்புக் காற்று வயலினின் உருக்குத் தந்தியைச் சும்மா விடாது. புதுத் தந்தி போட்டுச் சில வாரங்களில் விரல் படும் இடமெல்லாம் கறுத்து, வில்லுக்குச் சொரசொரக்கத் தொடங்கும். வீணைக்கு வெயில் எதிரி. மெழுகு இளகினால் மெட்டு அசைந்துவிடும், பிறகு எந்த ஸ்வரமும் தன் இடத்தில் இராது. மிருதங்கம் ஈரத்துக்கு வார் தளர்ந்து சுருதி இறங்கும். கரணை வெடித்தால் ஊரில் திருத்துகிற ஆள் இல்லை. யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையில் துணியால் சுற்றிய மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு படகுக்குக் காத்திருந்த ஒரு பொடியனோடு கதை கொடுத்தேன். திருத்தக் கொடுத்துத் திரும்ப எடுக்க இரண்டு தரம் போய்வர வேண்டும், இரண்டு நாள் பள்ளிக்கூடம் போய்விடும் என்றான். சோளகம் பெயர்ந்துவிட்டால் நெடுந்தீவுப் படகில் மடியில் எதை வைத்திருந்தாலும் நனையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. ரீச்சர்மாருக்கென்று ஒரு கூட்டு இருந்தால், தவணைக்கு ஒரு நாள் திருத்துகிறவரையே தீவுக்குக் கூப்பிடலாம். அத்தனை மிருதங்கமும் வயலினும் ஓரிடத்துக்கு வரும். அவருக்கும் ஒரு நாள் உழைப்புக்கு வேலை இருக்கும். தனி ஒரு ரீச்சரால் இது முடியாது.

1990, 1991இல் போரினால் தீவுகளிலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது அறுந்துபோனவற்றில் மூத்த ரீச்சரிடம் இளையவர் கேட்டுப் படிக்கிற தொடர்பும் ஒன்று. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கம் வீடுகள் வருடக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. வீணையைத் தூக்கிக்கொண்டு யார் ஓடினார்கள்? படிப்பித்தவர்கள் வன்னிக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் சுவிசுக்கும் போனார்கள். அங்கே அவர்கள் பள்ளிகள் நடத்தினார்கள், பரீட்சைகள் வைத்தார்கள், பிள்ளைகளின் அரங்கேற்றங்களைப் பெரிய மண்டபங்களில் செய்தார்கள். நல்ல காரியம்தான். ஊரில் மட்டும் ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தது. இன்று தீவில் படிப்பிக்கிற இளம் ரீச்சர் பட்டதாரி, கெட்டிக்காரி. அவர் சாய்ந்து கேட்க மூத்த ஒருவர் பக்கத்தில் இல்லை என்பதுதான் குறை.

கூட்டு என்று சொல்லும்போது கர்நாடக சங்கீதத்தோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஊர்காவற்றுறை, நாரந்தனை, கரம்பொன், மெலிஞ்சிமுனைப் பக்கம் கத்தோலிக்கக் கூத்து மரபு இருக்கிறது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்குச் சான்றிதழ் கிடையாது. மத்தளத்தையும் தாளத்தையும் வைத்துக்கொண்டு, இராக்காலம் பழக்கிப் பழக்கி, எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஆளையும் விருத்தமும் தருவும் பாட வைத்தவர் அவர். குரல் கட்டாமல் விடிய விடியப் பாட வைப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். அதைச் சங்கீத ரீச்சர் அவரிடம் கேட்க வேண்டும். அதேபோலத் தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஓர்கன் வாசிக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். பின்னேரத்தில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். தீவகத்தில் பியானோ ஆசிரியருக்குக் கிட்ட நிற்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களில் பலர் காதால் கேட்டுப் பழகியவர்கள். ஸ்டாஃப் நொட்டேஷன் வாசிக்க ஆசைப்படுகிறார்கள், சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு ஆனி மாதம் வருகிற நாதஸ்வர, தவில் வித்துவான்களையும் ஒரு காலைப்பொழுது பிள்ளைகளுக்கு முன்னால் இருத்தலாம். ராகம் விரிகிற விதத்தை நாதஸ்வரத்தில் கேட்ட பிள்ளைக்கு ரீச்சர் பிறகு அதிகம் விளக்க வேண்டியிராது.

இன்னொன்று. லண்டன் றோயல் ஸ்கூல்ஸ் பரீட்சைச் சபை 1889இல் உருவானது. அதன் பரீட்சகர்கள் காலங்காலமாகக் கடல் கடந்து கொழும்புக்கு வந்து பியானோ வாசிக்கிற பிள்ளையைக் கேட்டுப் புள்ளி போட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை வாசிப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதற்காக ஓர் ஆள் அவ்வளவு தூரம் வந்தார். எங்களிடம் பிள்ளைதான் கடல் கடக்கிறது. வாய்ப்பாட்டுப் பரீட்சை ஒன்றுக்காக நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு சிறுமியை எனக்குத் தெரியும். விடியப் படகேறி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அலையில் ஆடி, வழியில் சத்தியெடுத்து, பஸ்சில் நின்றபடி பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் வந்து, தம்பூரா மீட்டியதும் வர்ணத்தை இரண்டு காலத்திலும் பாட வேண்டும். அவள் பாடினாள். தேறியும் விட்டாள். ஆனால் ஊரில் வீட்டுத் திண்ணையில் அவள் பாடியதைக் கேட்டவர்களுக்கு அன்றைக்கு அவள் பாடியது பாதிதான் என்று தெரியும். எந்தப் பரீட்சையாக இருந்தாலும், வருடத்தில் ஒரு நாள் பரீட்சகர்கள் படகேறி வரட்டும். அவர்களுக்கு அது ஒரு நாள் பயணம். வழியில் வாந்தி எடுத்தாலும் அவர்கள் பாட வேண்டியதில்லை.

ரீச்சர்மார் கூடுகிற நாளுக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. போயா தினம் வைத்தால் பள்ளிக்கூடம் தடைப்படாது. இடம் புங்குடுதீவாக இருக்கட்டும். வேலணையில் வைத்தால் ஊர்காவற்றுறைக்காரருக்கு வசதி, நெடுந்தீவுக்காரருக்குத் திரும்புவது சிரமம். புங்குடுதீவென்றால் நெடுந்தீவு, நயினாதீவு இரண்டிலிருந்தும் வருகிறவர்கள் குறிகட்டுவானில் இறங்கினால் போதும். காரைநகரிலிருந்து வருகிறவர்கள் பாதைப் படகில் ஊர்காவற்றுறைக்குக் கடந்து வரலாம். முதல் ஒரு மணித்தியாலம் ரீச்சர்மார் மட்டும் பாடட்டும், வாசிக்கட்டும். பிள்ளைகள் வேண்டாம், புள்ளியும் வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம். பிறகு அவரவருக்குப் பிடிபடாத ஒரு பாடத்தை நடுவில் வைத்துக் கதைக்கட்டும். ஓர்கன் வாசிக்கிற தம்பிமாருக்கும் அண்ணாவியாருக்கும் அழைப்புப் போக வேண்டும். சாப்பாட்டை ஊர்ச் சனம் பார்த்துக்கொள்ளும், புங்குடுதீவில் அதற்குக் குறைவிராது. ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர்மார் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற காலம் ஆடி, ஆவணி. அந்த மாதங்களின் போயா ஒன்றில் தொடங்கினால் முதல் கூட்டத்திலேயே மூத்தவர்கள் சிலர் இருப்பார்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடித்தால் நெடுந்தீவுப் படகைத் தவறவிடாமல் எல்லாரும் வீடு போய்ச் சேரலாம்.