எக்ஸ்ரேயில் தெரியாத எலும்பு வலி

விளையாடும்போது விழுந்து கை வீங்கினால், "ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம்" என்கிறார்கள். படத்தில் முறிவு இல்லையென்றால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பெரும்பாலும் அந்த நிம்மதி நியாயமானதே. ஆனால் சில நோய்களில் அது நம்மை ஏமாற்றிவிடும். அரிவாள் செல் நோய் அவற்றுள் ஒன்று.

நம் சிவப்பணுக்கள் வட்டத் தட்டுப் போன்றவை. மிக நுண்ணிய இரத்தக் குழாய்களிலும் வளைந்து நெளிந்து செல்பவை. இந்நோய் உள்ளவர்களின் ஹீமோகுளோபினில், பீட்டாச் சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் அமர்ந்திருக்கிறது. மாற்றம் அவ்வளவுதான். ஆயினும் ஆக்சிஜனை இழந்ததும் இம்மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணு விறைத்து அரிவாள் போல் வளைகிறது, நுண்குழாய்கள் அடைபடுகின்றன. எலும்பு மஜ்ஜைக்கு இரத்தம் எட்டாவிட்டால் அப்பகுதி மடிகிறது. அதனால் தாங்க முடியாத வலி உண்டாகிறது.

இது தொலைதூர நாட்டு நோய் என்று எண்ண வேண்டாம். லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த மாற்றம் இருப்பதை 1952இல் வெளியிட்டனர். இந்நோயை ஒழிக்க இந்திய அரசு 2023இல் தொடங்கிய இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டது.

நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆகவே கருவிகளைப் பற்றிச் சொல்கிறேன். எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். எலும்பிலுள்ள கால்சியம் கதிரைத் தடுப்பதால் அந்த நிழல் விழுகிறது. மஜ்ஜை மடிந்த அன்றே கால்சியம் குறைந்துவிடுவதில்லை. எனவே நிழலும் மாறுவதில்லை. மாற்றம் தெரிய வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். அதற்குள் இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை வலுவிழந்துவிடலாம்.

எம்.ஆர்.ஐ. கருவி செய்வது வேறு. நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் உட்கருக்கள், 1.5 டெஸ்லா காந்தப் புலத்தில் பம்பரம் தலையாட்டுவதுபோல் விநாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை சுற்றுகின்றன. அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தி நிறுத்தினால், அவை ஒரு குறிப்பலையைத் திருப்பித் தருகின்றன. மஜ்ஜையில் இருப்பவை நீரும் கொழுப்பும்தாமே! கொழுப்பின் குறிப்பலையை அடக்கிப் படமெடுத்தால், பழுதுபட்டு நீர் கோத்த இடம் வெண்மையாகத் தெரிகிறது.

வலிக்கும் இடத்தை மட்டும் எடுத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பல நேரங்களில் போதாது என்பதே என் கருத்து. அரிவாள் அணுக்கள் உடலெங்கும் ஓடுகின்றன. ஓர் இடுப்பு பழுதானவருக்கு மற்றதும் பழுதாவது உண்டு. தோளும் முதுகெலும்பும் தப்புவதில்லை. வலியில்லாமலும் பழுது தொடங்கலாம். படுக்கை சிறிது சிறிதாக நகர, தலை முதல் கால் வரை சுமார் ஒரு மணி நேரத்தில் முழு உடலையும் எடுத்துவிடலாம். அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லாததால், வளரும் பிள்ளைகளுக்கு மீண்டும் எடுப்பதிலும் அந்த அச்சமில்லை.

இக்கருவிக்கும் எல்லை உண்டு. இரத்த ஓட்டம் நின்று மடிந்த எலும்பும், கிருமி புகுந்த எலும்பும் படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றலாம். பலமுறை இரத்தம் ஏற்றியவர் உடலில் சேரும் இரும்பு, காந்தப் புலத்தைக் குலைத்துப் படத்தைக் கருக்கச் செய்யும். மருத்துவரின் சோதனையும் இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் படம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது.

செலவும் பெரிது; கருவி நகரத்தில், நோயாளியோ மலையில். எல்லோருக்கும் ஆண்டுதோறும் எடுக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. எக்ஸ்ரே சரியாக இருந்தும் இடுப்பு வலி தீராதவர்கள், பல இடங்களில் வலி உள்ளவர்கள் ஆகியோருக்கு முதலிடம் தரலாம். அவர்களை மலையிலிருந்து அழைத்துவரும் வண்டிச் செலவையும் சிகிச்சைச் செலவாகவே கருத வேண்டும். காலத்தில் கண்டால் மூட்டின் சுமையைக் குறைக்கலாம். உடற்பயிற்சிச் சிகிச்சை தரலாம். நொறுங்கிய பின்னரோ மூட்டையே மாற்ற நேரிடும்.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் இத்தகைய நண்பன் இருக்கலாம். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம், இவன் நடிக்கிறான்" என்று யாராவது சொன்னால், அந்தக் கருவியால் எதைக் காண முடியும், எதைக் காண முடியாது என்று எடுத்துச் சொல்லுங்கள்.