தினே மக்கள் தமக்கெனக் கட்டிய கல்லூரி

ஓர் இனத்தை அடக்க வருபவன் முதலில் அதன் நிலத்தைப் பறிக்கிறான். அடுத்து அதன் பிள்ளைகளைப் பறிக்கிறான். இறுதியில் அப் பிள்ளைகளின் வாயிலிருந்தே அதன் மொழியைப் பறிக்கிறான். நிலம் பறிபோனதை எல்லாரும் காண்கின்றனர். பிள்ளை பறிபோனதைப் பெற்றவர் உணர்கின்றனர். மொழி பறிபோனதை மட்டும், பறிகொடுத்தவனே கல்வி என்றும் முன்னேற்றம் என்றும் பெயரிட்டு மகிழ்கிறான். இம் மூன்று இழப்பையும் ஒரு நூற்றாண்டுக்குள் பட்டறிந்த ஒரு மக்கள், தம் மண்ணில் தாமே ஒரு கல்லூரியை எழுப்பிய வரலாறு தமிழர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. வட அமெரிக்கத்தின் தென்மேற்கில் அரிசோனா, புதுமெக்சிகோ, யூட்டா என்னும் மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் தினே மக்களே அவர்கள். நவகோ என்பது பிறர் அவர்களுக்கு இட்ட பெயர். செவ்விந்தியர் என்பதோ வழிதவறி வந்த ஐரோப்பியன் இட்ட பெயர். தினே என்பதே அவர்கள் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் பெயர். அதற்கு மக்கள் என்பது பொருள்.

1864இல் அமெரிக்கப் படை அவர்தம் பயிர்களை எரித்தது. ஆட்டு மந்தைகளை அழித்தது. எண்ணாயிரவர்க்கு மேற்பட்டோரை முந்நூறு கல் தொலைவு நடத்திச் சென்று ஒரு பாழ்நிலத்தில் நான்காண்டு அடைத்து வைத்தது. 1868இல் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி எஞ்சியோர் ஊர் திரும்பினர். அவ் வுடன்படிக்கையில் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் ஓர் ஆசிரியரும் தரப்படும் என்றோர் உறுதிமொழி இருந்தது. என்ன கல்வி? ஆங்கிலக் கல்வி என்றே அதில் எழுதப்பட்டிருந்தது. வென்றவன் தோற்றவனுக்கு இலவயமாகத் தரும் பொருள் எதுவாயினும் அதனைத் திருப்பிப் பார்த்து வாங்குதல் நன்று.

அக்கால விடுதிப்பள்ளிகளின் போக்கைக் காட்டக் கார்லைல் ஒன்றே போதும். 1879இல் அப் பள்ளியைத் தொடங்கிய படைத்தலைவர் பிராட்டு, தொல்குடியானைக் கொன்று அவனுள் இருக்கும் மாந்தனை மீட்க வேண்டும் என்னும் கருத்தை 1892இல் அவையறியவே பேசினார். நாடெங்கும் எழுந்த அத்தகைய பள்ளிகளில் பிள்ளைகளின் கூந்தல் மழிக்கப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி பேசிய வாயில் வழலைக்கட்டி திணிக்கப்பட்டது. பின்னர் இரண்டாம் உலகப்போர் வந்தது. 1942இல் அதே அரசு, அதே பள்ளிகளில் ஒறுக்கப்பட்ட தினே இளைஞருள் இருபத்தொன்பதின்மரைத் தேர்ந்து, அதே மொழியால் மறைமொழி ஒன்று சமைக்கச் சொன்னது. குண்டுக்கு முட்டை என்றனர். நீர்மூழ்கிக்கு இரும்பு மீன் என்றனர். கவசவூர்திக்கு ஆமை என்றனர். சப்பானியரால் இறுதிவரை அதனை உடைக்க முடியவில்லை. பள்ளியில் பேசினால் குற்றம், போர்க்களத்தில் பேசினால் தொண்டு! அத் தொண்டும் 1968 வரை வெளியே சொல்லப்படாமல் மறைக்கப்பட்டிருந்தது. அவ் விருபத்தொன்பதின்மர்க்குப் பொற்பதக்கம் வழங்கப்பட்ட 2001ஆம் ஆண்டில் அவருள் உயிரோடு இருந்தவர் ஒரு சிலரே.

அந்த 1968ஆம் ஆண்டிலேதான், உடன்படிக்கையின் நூறாம் ஆண்டில், தினே மக்களின் மன்றம் தமக்கென ஒரு கல்லூரியை நிறுவ ஆணை பிறப்பித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே இரப்ராக்கு என்னும் ஊரில், தினே பெற்றோரே ஆளும் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டு, பிள்ளைக்குத் தன் மொழியில் கற்பிக்க இயலும் என்பதைக் காட்டியிருந்தது. கல்லூரி 1969 சனவரியில், மெனிபார்ம்சு என்னும் ஊரிலிருந்த பள்ளியொன்றின் இரவற் கட்டடத்தில் திறக்கப்பட்டது. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்னும் தன் பெயரை மீட்டுக்கொண்டதும் அதே திங்களில் என்பது தமிழர்க்கு நினைவில் நிற்கத்தக்க ஒற்றுமை. அமெரிக்க மண்ணில், தொல்குடி மக்கள் தாமே நிறுவித் தாமே ஆண்ட முதற் கல்லூரி அது. ஆட்சிக்குழுவினர் தினே மக்கள். முதல் தலைவராயிருந்த இராபர்ட்டு உரோசல் வெள்ளையர். அவரும் விரைவிலேயே விலகி, தினே மகனான நெடு அதாத்லி பொறுப்பேற்க வழிவிட்டார். பிறர் நிறுவனத்தில் தலைமையேற்ற எத்தனை பேர்க்கு இம் மனம் வரும்?

1973இல் சேய்லீ என்னும் மலையடிவாரத்தில் கல்லூரிக்குச் சொந்த வளாகம் அமைந்தது. அதன் அமைப்பே ஒரு பாடம். தினே மக்களின் பழைய வீடு வட்ட வடிவினது. வாயில் கிழக்கு நோக்கியது. வளாகமும் அவ் வீட்டைப் போன்றே வட்டமாக வகுக்கப்பட்டது. எண்ணல், திட்டமிடல், வாழ்தல், தெளிதல் என நான்கு திசைக்கு நான்காகத் தினே முன்னோர் வகுத்த வாழ்வியல் நெறியே கல்லூரியின் கல்விக் கொள்கையாயிற்று. நெசவு அறிந்த மூதாட்டியரும், வெள்ளி வேலை அறிந்த கம்மியரும், சடங்குப் பாடல்களை நெஞ்சில் தேக்கிவைத்திருந்த முதியோரும் பட்டம் ஏதுமின்றியே ஆசான்மாராகப் பாடம் சொன்னார்கள். பட்டம் பெற்றவனே ஆசிரியன் என்னும் கட்டளை எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தவர்களால்தான் அதனை மீற முடியும்.

ஊருக்கு ஒரு கல்லூரி செய்யக்கூடிய தலையாய பணி, ஊரின் நினைவைக் காப்பது. தினே கல்லூரி தன் பதிப்பகத்தின் வழியே 1973இல் அந் நெடுநடைக் காலத்தைப் பற்றி முதியோர் வாய்மொழியாகச் சொன்னவற்றைத் தொகுத்து நூலாக்கியது. அடுத்த ஆண்டே மற்றொரு தொகுப்பு வந்தது. அது 1930களில் நடந்த கால்நடை அழிப்பைப் பற்றியது. மேய்ச்சல் மிகுந்து மண் அரித்து அணை தூர்ந்துவிடும் என்று கூறி, அரசின் ஆட்கள் தினே மக்களின் ஆடுகளை வலிந்து வாங்கியும், மக்கள் கண்ணெதிரிலேயே சுட்டும் குறைத்தனர். ஆடு அவர்க்கு உணவு, உடை, நெசவு, சீர்வரிசை அனைத்தும். அரசின் ஏட்டில் அது மண்காப்பு நடவடிக்கை. மக்களின் நெஞ்சில் அது இரண்டாம் படையெடுப்பு. அம் மக்கள் சொல்லை அச்சேற்றுவதற்கு அவர்கள் மண்ணில் ஒரு கல்லூரி தோன்றும்வரை நாற்பதாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

யுரேனியச் சிக்கலில் இக் கல்லூரியின் பங்கு இன்னும் நுட்பமானது. 1944 முதல் 1986 வரை தினே நிலத்தில் யுரேனியம் தோண்டப்பட்டது. ஐந்நூறுக்கு மேற்பட்ட சுரங்கங்கள் மூடாமலும் தூய்மை செய்யாமலும் கைவிடப்பட்டன. 1979இல் சர்ச்சுராக்கு என்னுமிடத்தில் கழிவுநீர்த் தேக்கம் உடைந்து நச்சுநீர் ஆற்றில் பாய்ந்தது. தோண்டியவருள் பலர் நுரையீரற் புற்றால் மாண்டனர். அவர்களிடம் கதிரியக்கம் என்றால் என்ன என்று எவரும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தவர்க்கும் அதற்கு அம் மொழியில் சொல் இல்லை. இங்கேதான் கல்லூரி நுழைந்தது. அதன் சிப்ராக்குக் கிளையில் அமைந்த யுரேனியக் கல்வித் திட்டம், ஆங்கிலம் அறியாத முதியோரும் கைம்பெண்டிரும் தம் நிலத்துக்கும் உடலுக்கும் நேர்ந்ததைத் தாமே அறியும்பொருட்டு, கதிரியக்கத் துறைச் சொற்களுக்குத் தினே மொழியில் சொல் அமைக்கும் பணியை மேற்கொண்டது.

தனித்தமிழ் அன்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கலைச்சொல் ஆக்கம் மேசைமுன் அமர்ந்து ஆடும் விளையாட்டென்று எள்ளுவோர் தமிழகத்தில் இன்றும் உளர். சொல் இல்லாமையால் ஓர் ஊரே நஞ்சறியாமல் நஞ்சுண்டது என்பதை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். தினே மொழி தன் இயல்பிலேயே பிறமொழிச் சொல்லை எளிதில் ஏற்காத மொழி. வானூர்தியைப் பறக்கும் வண்டி என்னும் பொருளிலும், தொலைபேசியைப் பேச உதவும் இரும்பு என்னும் பொருளிலும், கணிப்பொறியை எண்ணும் இரும்பு என்னும் பொருளிலும் தம் வேர்ச்சொற்களாலேயே அவர்கள் வழங்குகின்றனர். அதற்காக அவர்களை எவரும் பழமையர் என்று சொல்லிவிடவில்லை. ஒன்றரை இலக்கத்துக்குச் சற்று மேற்பட்டோர் பேசும் மொழிக்கு இது இயலுமாயின், பல கோடி மக்கள் பேசும் மொழிக்கு இயலாதென்பது சோம்பலேயன்றி வேறில்லை.

குமுகாயக் கல்லூரி என்னும் கருத்து இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. 1995இல் புதுச்சேரியிலும், அடுத்த ஆண்டு சென்னையிலும் அப் பெயரில் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. பள்ளியை இடையில் விட்ட ஏழை இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி தரும் அவற்றின் நோக்கம் பழிக்கத்தக்கதன்று. ஆயினும் வந்தது கிளைதான், வேர் வரவில்லை. ஓர் ஊரின் இளைஞனை அவ் வூரிலிருந்து வெளியேறத் தகுதியாக்குவது ஒன்று. அவனையும் அவன் ஊரையும் ஒருங்கே உயர்த்துவது மற்றொன்று. காஞ்சியின் தறிக்காரரும், நாகையின் மீனவரும், குமரிமுனையின் கட்டுமரக்காரரும் தாம் அறிந்ததைத் தமிழிலேயே பாடமாகச் சொல்லும் இருக்கை எக் கல்லூரியில் இருக்கிறது? கடலின் நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் அம் மீனவரிடம் உள்ள சொற்களை ஆசிரியர் ஏட்டிலேற்றி மாணவர் கைக்குத் தந்தாலன்றி, கல்லூரி ஊருக்குள் கட்டப்பட்டிருந்தும் ஊருக்கு வெளியிலேயே நிற்கும்.

தினே கல்லூரியைக் குறையில்லாப் பொன்னுலகாகக் காட்டுவது அவர்க்கும் நன்மையன்று, தமிழர்க்கும் நன்மையன்று. 1971இலும் 1978இலும் அமெரிக்கப் பேராயம் இயற்றிய சட்டங்களால் இத்தகைய கல்லூரிகளுக்குப் பணம் வருகிறது. வழங்கும் கை எந்நாளும் சுருங்கக்கூடும். 1976இல் கிடைத்த அறிந்தேற்பு வெளியார் தந்தது. அதனைத் தக்கவைக்கப் பெரும்பாலான பாடங்கள் இன்றும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. தன் மொழியைக் காக்க எழுந்த கல்லூரிக்குள்ளேயே அம் மொழி ஒரு துறையாக ஒதுங்க நேர்வதை அதன் நண்பர்களே கண்டு வருந்த வேண்டும்.

அதனினும் பெரிய இடர் வீட்டில் நிகழ்ந்தது. கல்லூரி தோன்றிய காலத்தில் பள்ளி புகுந்த தினே சிறுவருள் மிகப் பெரும்பாலோர் தம் மொழியை அறிந்தே வந்தனர். கால் நூற்றாண்டுக்குள், 1990களின் தொடக்கத்தில், முன்பள்ளிக்கு வந்த குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆங்கிலம் ஒன்றே அறிந்தவராயினர். விடுதிப்பள்ளியில் அடிவாங்கிய பெற்றோர், அவ் வடி தம் பிள்ளைக்கு வேண்டாமென்று வீட்டிலேயே வாய்மூடிக்கொண்டனர். வெள்ளையன் வழலைக்கட்டியால் முழுதும் முடிக்க முடியாததை அச்சம் முடித்துவைத்தது. 2014இல் அந் நாட்டின் தலைமைப் பதவிக்கு நின்ற ஒருவர், தினே மொழியில் போதிய புலமையில்லை என்பதால் போட்டியினின்று நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு நடந்த வாக்கெடுப்பில், தலைவரின் மொழிப்புலமையை வாக்காளரே முடிவுசெய்யட்டும் என்று மக்கள் அக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினர். தளர்த்தியவர்களை வைவது எளிது. மொழியறியாத இளைஞரே பெருகிவிட்டபின், அக் கட்டுப்பாடு அவர்களைத் தம் நாட்டிலிருந்தே விலக்கிவிடும் என்னும் அச்சமும் அவ் வாக்குகளில் இருந்திருக்கும்.

இளைஞனாகி வரும்போது மொழியைக் கற்பிப்பது காலங்கடந்த மருத்துவம் என்பதைக் கல்லூரி உணர்ந்தது. 1997இல் தன் பெயரிலிருந்த நவகோ என்னும் அயற்பெயரை நீக்கித் தினே கல்லூரி என்று தன்னை அழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டில், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இளங்கலைப் பட்டத்துக்கு முதன்முறையாகக் கற்பிக்கத் தொடங்கியது. அப் பட்டத்துக்கு அது தேர்ந்த துறை வணிகமன்று, பொறியியலன்று. தினே சிறுவர்க்கு இரு மொழியிலும் பாடம் சொல்லவல்ல தொடக்கப்பள்ளி ஆசிரியரை ஆக்கும் படிப்பையே அது தேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேற்பட்ட அப் பெருநிலத்தில், ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கும் ஊர்ப்பள்ளிகளுக்கு அவ் வாசிரியர்கள் சென்று கொண்டிருக்கின்றனர்.