மஞ்சக்குப்பத்துக்கு மெழுகு வேண்டாம்

கன்னியாகுமரிக்குப் போய் வந்த நண்பர் ஒருவர், அங்குள்ள மெழுகுச்சிலைக் கூடத்தில் தலைவர்களின் தோளில் கைபோட்டு எடுத்துக்கொண்ட படங்களை எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் காட்டினார். காட்டி முடித்ததும் ஒரு யோசனையையும் வைத்தார். மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டி இப்படி ஒரு கூடம் அமைந்தால் என்ன? ஜெயகாந்தன், புதுமைப்பித்தன், அஞ்சலையம்மாள், வள்ளலார் ஆகியோரை அச்சு அசலாக வடித்து நிறுத்தினால் பிள்ளைகளுக்கு ஊரின் பெருமை தெரியுமே என்றார். பாதிப்பேர் தலையாட்டினார்கள். தலையாட்டாத மீதிப்பேரின் சார்பில் இதை எழுதுகிறோம்.

மெழுகுச்சிலைக்கு ஒரு காலம் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறோம். 1761-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்த மேரி டுசாட், கர்ட்டியஸ் என்ற மருத்துவரிடம் இத்தொழிலைக் கற்றார். பிரெஞ்சுப் புரட்சியில் வெட்டுண்ட தலைகளிலிருந்து அச்செடுத்ததாகத் தம் நினைவுக்குறிப்புகளில் சொல்லிக்கொண்டார். 1802-இல் பிரிட்டனுக்குப் போய், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றி, 1835-இல் லண்டன் பேக்கர் தெருவில் நிலைகொண்டார். புகைப்படம் பரவாத அந்நாட்களில் மன்னனின் முகம் எப்படியிருக்கும், கொலைகாரனின் முகம் எப்படியிருக்கும் என்று எளிய மனிதன் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டான். ஒரு வகையில் அது எழுத்தறியாதவனின் செய்தித்தாள். கைத்திறனிலும் குறை சொல்வதற்கில்லை. முடியை ஒவ்வொன்றாகச் செருகுகிற பொறுமை எளிதில் வாய்ப்பதன்று.

ஆனால் ஜெயகாந்தனின் மீசை எப்படியிருக்கும் என்று தெரியாமல் இன்று யார் தவிக்கிறார்கள்? படங்கள் இருக்கின்றன, குரலும் பதிவாகியிருக்கிறது. தெரியாமலிருப்பது அவர் எழுதியது.

டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். கன்னாட் பிளேஸில் 1932-இல் தொடங்கிய ரீகல் திரையரங்கு 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதே கட்டடத்தில் அவ்வாண்டு டிசம்பரில் மேடம் டுசாட்ஸ் திறக்கப்பட்டது. நடிகர்கள் திரையில் அசைந்து பேசிய இடத்தில் அவர்களே அசையாமல் நின்றார்கள். 2020-இல் அதுவும் மூடப்பட்டு, 2022-இல் நொய்டாவின் வணிக வளாகம் ஒன்றில் மீண்டும் கடை விரித்தது. வணிக வளாகம் என்பதே பொருத்தமான இடம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இக்கூடங்களில் யார் நிற்பது, யாரை உள்ளே தூக்கிப்போடுவது என்பதைத் தீர்மானிப்பது வரலாறன்று. வாசலில் நிற்கும் வரிசை. புகழ் மங்கினால் சிலை கிடங்குக்குப் போகும். புதுமைப்பித்தனுக்கு அந்த வரிசையில் எத்தனை நாள் இடம் கிடைக்கும் என்று நண்பர் நினைக்கிறார்? திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து 42 வயதில் காசநோயில் மாண்ட மனிதரை, பக்கத்தில் நிற்கும் நடிகருக்காகக் கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொல்வார்கள். 'சிற்பியின் நரகம்' எழுதியவர் அவர். தன் நடராஜர் சிலையைக் கலையாக நின்று பார்க்க ஓர் ஆள் இல்லாமல், எல்லோரும் மோட்சம் கேட்டு நெருக்குவதைக் கனவில் கண்டு துடிக்கிற சிற்பியின் கதை அது. மோட்சத்துக்குப் பதில் இப்போது செல்ஃபி. மற்றபடி நரகம் அதேதான்.

அஞ்சலையம்மாளின் பெயரை இந்தப் பட்டியலில் கேட்டபோதுதான் எங்களுக்கு உண்மையில் கோபம் வந்தது. 1857 எழுச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் மக்களைக் கொன்று குவித்த ஜேம்ஸ் நீல் என்ற தளபதிக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாகிரகம் நடந்தது. கடலூர் முதுநகரிலிருந்து அஞ்சலையம்மாள் அதில் கலந்துகொண்டு சிறை சென்றார். சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவும் சிறை வைக்கப்பட்டாள். அந்தக் குழந்தையைக் கண்ட காந்தி அவளுக்கு லீலாவதி என்று பெயரிட்டு, பின்னர் வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். 1937-இல் ராஜாஜி அமைச்சரவையின் காலத்தில் நீல் சிலை இறக்கப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. ஓர் உருவம் எங்கே நிற்கிறது, யார் முன்னால் நிற்கிறது என்பது சிறைக்குப் போகத்தக்க கேள்வி என்று அந்தத் தாயும் மகளும் கருதினார்கள். அவரை மெழுகாக்கி ஒளிவிளக்கின் கீழ் நிறுத்துவது மரியாதையா?

அதோடு முடியாது. கூடம் என்று ஒன்று வந்துவிட்டால் ராபர்ட் கிளைவ் இல்லாமல் இருப்பாரா? தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு 1756-இல் ஆளுநராக வந்தவர். மஞ்சக்குப்பத்துத் தோட்ட மாளிகையோடு பெயர் ஒட்டிக்கொண்டவர். சிவப்புக் கோட்டும் வாளும் வேறு. அஞ்சலையம்மாளின் கைத்தறிப் புடவையைவிட அந்தக் கோட்டுதான் கூட்டத்தை இழுக்கும். மெழுகுக்கு எல்லா முகமும் ஒன்றுதான். 2008-இல் பெர்லினில் மேடம் டுசாட்ஸ் திறந்த அன்றே ஒருவர் உள்ளே பாய்ந்து ஹிட்லர் சிலையின் தலையைப் பிடுங்கி எறிந்தார். அவர் செய்ததை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அன்று அங்கு வந்தவர்களில் சிலையைச் சிலையாக மதித்தவர் அவர் ஒருவரே என்று எங்களில் ஒருவர் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை.

வள்ளலாரைப் பற்றி நண்பர் ஒரு கணமாவது யோசித்திருக்கலாம். பண்ருட்டிக் குயவர் ஒருவர் அவரைப் போலவே மண்ணில் உருவம் செய்து, வண்ணம் தீட்டிக் கொண்டுவந்து கொடுக்க, அவர் அதைக் கீழே போட்டுவிட்டார் என்று நம் பக்கத்தில் வழிவழியாகக் கதை சொல்வார்கள். கேமராவில் அவர் உருவம் விழவில்லை என்றும் சொல்வார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். 1872-இல் வடலூரில் அவர் எழுப்பிய சத்திய ஞான சபையில் உருவம் இல்லை என்பது கதையன்று. ஏழு திரைகளுக்கு அப்பால் சோதிதான் இருக்கிறது. தில்லையில் திரையை விலக்கினால் வில்வமாலை தொங்கும் வெளி. இந்த இரண்டு ஊர்களுக்கும் போய்வருகிற தூரத்தில் வாழ்கிற நாம், கண்ணாடிக் கண்ணும் ஒட்டுமுடியுமாக அவரை நிறுத்தி நுழைவுச்சீட்டு கிழிப்பதா?

அப்படியானால் பொம்மையே கூடாதா என்று நண்பர் கேட்டார். யார் சொன்னது? வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் செய்கிற கொலு பொம்மைகள் எங்கள் வீடுகளில் இருக்கின்றன. செட்டியார் பொம்மை எந்தச் செட்டியாரையும் போல் இருப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஒன்பது நாள் படியில் உட்கார்ந்துவிட்டுப் பரணுக்குப் போய்விடும். மெழுகும் நமக்குப் புதிதன்று. சுவாமிமலைத் தபதிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிக் கலந்துதான் உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். சோழர் காலத்து நடராஜர்கள் இந்த முறையில் வந்தவர்களே.

கூடத்துக்கு ஆகும் செலவில் என்ன செய்யலாம் என்றும் கேட்டார். மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஒருவருக்கு 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் கிடைத்திருக்கிறது. அவருடைய சிறுகதைத் தொகுதி ஒன்று, அந்த மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது என்று முதலில் கேட்டு வரலாம் என்றோம். அடுத்த ஞாயிறு நாங்கள் ஆளுக்கு ஐந்து பிரதிகளோடு வருகிறோம். நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கேமராவோடு.